அண்ணி இல்லாத சாப்பாட்டு வண்டி

லாஸ் ஏஞ்சலஸ்
9 மார்ச் 1994

எவெலியா அண்ணிக்கு,

நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் கோத்திஹாவில் உங்கள் தங்கை ஹசிந்தா வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்க் கடையில் போனை எடுக்கும் பெண், "அப்படி யாரும் இங்க வரலீங்களே" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நீங்கள் இருமினீர்கள். இத்தனை வருஷம் ஒரே வண்டிக்குள் முதுகோடு முதுகு உரசி வேலை செய்தவளுக்கு அந்த இருமல் தெரியாதா? இனிப் போன் செய்து பயனில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுதுவதில் ஒரு வசதி, நடுவில் நீங்கள் போனை வைக்க முடியாது.

வண்டியின் காஸ் சிலிண்டர் பெட்டிச் சாவி உங்கள் சட்டைப் பையிலேயே போய்விட்டது. சுகாதார இலாகாக்காரர்கள் எல்லாவற்றையும் திற என்றார்கள். பூட்டைச் சுத்தியலால் உடைத்தேன். அந்தக் கோபமும் இந்தக் கடிதத்தில் சேர்த்தி.

வண்டி கொட்டகையில் நிற்கிறது. கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. சல்சாச் சட்னி, பாலாடைக்கட்டி, மிச்சமிருந்த டோர்ட்டியா ரொட்டி, கரண்டி கழுவிய தண்ணீர் வரை சிறு சிறு புட்டிகளில் எடுத்துப்போனார்கள். முடிவு வர நாளாகுமாம். ஜனவரி நிலநடுக்கத்திற்குப் பிறகு இந்த ஊரில் எல்லா இலாகாவிலும் எல்லாமே நாளாகிறது. கொட்டகையில் மற்ற வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்தால் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள்.

அந்த வியாழக்கிழமை நம்மிடம் காலைச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்களே, அந்தக் கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ரொசென்தோ அண்ணன் மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை. சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவர் மனைவி தெல்ஃபினா என்னோடு பேசுவதில்லை, போ என்றும் சொல்வதில்லை. ஒரே பெஞ்சில் இந்த மூலையில் நான், அந்த மூலையில் அவள்.

தையல் கம்பெனிப் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே காலையில் நம் வண்டியில்தானே அவர்களும் சாப்பிட்டார்கள்? இதை நான் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை.

என் அண்ணன் ஃபெர்மின் கண்ணை மூடிய பிறகு இந்த வண்டியை நாம் இரண்டு பேரும் ஓட்டினோம். ஒரு வார்த்தை சொல்லாமல், படுக்கையைக்கூட மடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். தப்பு செய்தவர்கள்தான் ஓடுவார்கள் என்று கொட்டகையில் பேச்சு. "தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல, பாக்கப் போயிருக்காங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தே யாரும் நம்பவில்லை.

பதில் எழுதுங்கள்.

கிரிசெல்தா


கோத்திஹா, மிச்சோவாகான்
20 மார்ச் 1994

கிரிசெல்தாவுக்கு,

சாவியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். உடைந்த பூட்டுக்கு என்றாலும் உன்னுடையது உன்னிடம் இருக்கட்டும்.

தையல் கம்பெனிப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர்கள் சாப்பிட்டது தமால். சோள மடலில் கட்டி, ஆவியில் வெந்து, சூடாகப் பிரித்துக் கொடுத்தது. கட்டடத்துக்காரர்கள் சாப்பிட்டது சிலாகிலெஸ், பொரித்த டோர்ட்டியாவைச் சல்சாவில் புரட்டியது. நாம் முதலில் போவது கட்டடத்துக்கு. சட்டி அங்கேயே காலியாகிவிட்டது. தையல்காரப் பெண்கள் கேட்டபோது நீதானே "இன்னைக்குத் தீந்துபோச்சு, தமால் எடுத்துக்கோங்க" என்றாய்? மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. அந்தக் காலையை நான் படுக்கும்போதும் எழும்போதும் திரும்பத் திரும்பச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தின நாள் டோர்ட்டியாவை முக்கோணமாக வெட்டித் துணி போட்டு ஆறவைத்தேன். காலையில் மொறுமொறுவென்று பொரித்தேன். பச்சைத் தக்காளியைத் தோல் உரித்து, பிசுபிசுப்பு போகும்வரை கழுவி, மிளகாயோடு வேகவைத்து, பூண்டும் கொத்தமல்லியும் சேர்த்து அரைத்து, மறுபடி கொதிக்கவிட்டேன். ஒரு குமிழி வெடித்து மணிக்கட்டில் தெறித்தது. அந்தக் கொப்புளம் இங்கே வந்துதான் ஆறியது. அப்படிக் கொதித்த ஒன்றில் எது உயிரோடு இருக்கும்? அப்புறம் பாலாடைக்கட்டி. இந்த ஊரில் செய்ததுதான், உப்புப் போட்டுக் காய்ந்தது. உதிர்த்த கை என் கை. கையில் புண் இல்லை. நகம் வெட்டியிருந்தேன். கழுவினேன். கழுவினேனா? கழுவினேன் என்றுதான் நினைக்கிறேன். எதைத் தப்பாகச் செய்தேன் என்று தெரிந்துவிட்டால்கூட ஒரு நிம்மதி வரும். அதுதான் தெரியவில்லை.

ரொசென்தோ தட்டை நீட்டிக்கொண்டு, "எவெலியாம்மா, வெங்காயம் வேணாம், ரெண்டு முட்டை மேல, சல்சா மட்டும் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி" என்றார். தினமும் சொல்வதுதான். அன்று மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் கூட ஒரு கரண்டி ஊற்றினேன். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், அவர் எழவில்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது அந்தக் கரண்டிதான் கண் முன்னால் வந்தது.

ஏன் சொல்லாமல் போனேன் என்று கேட்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் தெல்ஃபினா நம் இரண்டு பேரையும் பார்த்து, "அதுல என்னத்தைப் போட்டீங்க?" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "நான் காசு வாங்கிப் போடறவ. சமைக்கிறதெல்லாம் இந்தப் பொம்பளதான்." உன் கடிதத்தில் பார்த்துப் பார்த்து அண்ணி என்று எழுதியிருக்கிறாய். அன்று நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், கிரிசெல்தா. என் தோள் உன் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

வண்டியை விற்றுவிடு. அது உன் அண்ணனுடையது. எனக்கு எதுவும் வேண்டாம். இங்கே ஹசிந்தாவின் மாட்டுக்குத் தீவனம் வைக்கிறேன். மாடு நான் வைப்பதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

எவெலியா


தந்தி
லாஸ் ஏஞ்சலஸ், 28 மார்ச் 1994

ரொசென்தோ கண் விழித்தார். மனைவியை அடையாளம் தெரிகிறது. சிறுநீர் போகிறது. மற்றது கடிதத்தில். கிரிசெல்தா.


கோத்திஹா
30 மார்ச் 1994

கிரிசெல்தா,

தந்தியைத் தபால் ஆபீசில் இருக்கும் அம்மாள் சத்தமாகப் படித்தாள். இந்த ஊரில் தந்தியை அப்படித்தான் கொடுப்பார்கள். "சிறுநீர் போகிறது" என்று அவள் படித்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். யார், என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடிக்கத் தெரியாதவள் போல மேலெல்லாம் சிந்திக்கொண்டேன்.

அவர் பிழைத்தது போதும். இனி யார் என்னை என்ன சொன்னாலும் தாங்குவேன். தெல்ஃபினாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவள் மன்னிக்க வேண்டும் என்றில்லை. நான் கேட்டேன் என்று மட்டும் சொல்.

வீட்டுக்கு வந்ததும் ஹசிந்தா, "இப்பவாவது ஏதாவது சாப்பிடுறியா, இல்ல உன்னையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணுமா?" என்றாள். சூப்பு குடித்தேன். பாதிதான். ஆனாலும் குடித்தேன்.

திரும்பி வருவதைப் பற்றிக் கேட்காதே. ஒரு மனுஷனுக்குத் தட்டு நீட்டும் தைரியம் எனக்கு இனி வராது.

எவெலியா


லாஸ் ஏஞ்சலஸ்
4 ஏப்ரல் 1994

அண்ணி,

உங்கள் மார்ச் கடிதம் இன்றுதான் வந்தது. சாவி உறையைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே நீட்டியிருந்தது. தபால்காரர், "உள்ள ஆயுதமா?" என்று கேட்டார்.

வாசித்தேன். பிறகு வீட்டைப் பெருக்கினேன். பிறகு மறுபடி வாசித்தேன்.

நான் அப்படிச் சொன்னேன். உங்கள் தோள் பட்டுக்கொண்டிருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெல்ஃபினாவின் கண்ணைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். தண்ணீரில் முழுகுகிறவன் பக்கத்தில் இருப்பவனின் தலையைப் பிடித்து அழுத்துவானே, அப்படி அழுத்தினேன். இத்தனை வருஷமாக உங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. வண்டியில் மீதமானதைத்தான் தினமும் மத்தியானம் சாப்பிடுகிறேன். அந்த வியாழக்கிழமையும் சிலாகிலெஸ் சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டது நான்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னேன். சல்சாவில்தான் ஏதோ இருந்தது என்று நாளை அந்த இலாகா எழுதிக் கொடுத்தாலும், நான் சொன்னது சொன்னதுதான். அதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். எழுதியே திட்டுங்கள். நான் பதில் எழுதமாட்டேன்.

இதுவரை நேற்று எழுதியது. தபாலில் போடலாம் என்று கிளம்பியவள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. இது தெல்ஃபினாவின் பேனா. ஆமாம், தெல்ஃபினாவின் பேனாதான். சொல்கிறேன்.

அந்தக் கட்டடத்து மேஸ்திரி கர்ட்டிஸை நினைவிருக்கிறதா? நம் வண்டியைப் பார்த்தாலே "கரப்பான் வண்டி வந்தாச்சு" என்பானே, வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்து தன் காருக்குள் உட்கார்ந்து தின்பானே, அவன்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ரொசென்தோ அண்ணனைப் பார்க்க வந்தான். கூடவே மனைவி, கையில் பூங்கொத்து. அந்தப் பெண் நல்லவள், பாவம். தெல்ஃபினாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்: "எனக்குத் தெரியும்மா அந்தக் கஷ்டம். இவரும் அந்த வாரம் முழுக்கக் கக்கூஸை விட்டு வெளிய வரல. ரத்தமா போச்சு. டாக்டர்கிட்ட வான்னா வரமாட்டேன்னுட்டார்."

கர்ட்டிஸ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவளுக்குப் புரியவில்லை.

நான் பெஞ்சின் இந்த மூலையிலிருந்து எழுந்தேன். அந்த மூலையிலிருந்து தெல்ஃபினாவும் எழுந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள்தான் கேட்டாள். "நீங்க எங்க வண்டிச் சாப்பாட்டைத் தொடவே மாட்டீங்களே சார். உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

எங்கள் வண்டி என்றாள், அண்ணி. எங்கள் வண்டி.

அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான். நாங்கள் ரொசென்தோ அண்ணனிடம் ஓடினோம். அவரால் இன்னும் நீளமாகப் பேச முடியவில்லை. "அந்தக் கட்டடத்துல சாப்பாட்டைத் தவிர எல்லாரும் வேற என்னத்தைச் சாப்பிடுவீங்க?" என்று தெல்ஃபினா கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார்.  பிறகு, "தண்ணி" என்றார். தாகமாக்கும் என்று தெல்ஃபினா டம்ளரை எடுத்தாள். அவர் தலையை ஆட்டினார். "பீப்பாத் தண்ணி. நீலப் பீப்பா. எல்லாரும் அதுலதான் குடிப்போம். மேஸ்திரியும்தான்."

அந்தக் கட்டடம் நிலநடுக்கத்தில் விரிசல் விட்டதல்லவா? அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பீப்பாயை நிரப்பும் ரப்பர் குழாய் அந்தப் பள்ளத்திற்குள்தான் கிடக்குமாம். பக்கத்திலேயே சாக்கடைக் குழாயும் போகிறது. ஆட்கள் சுருண்ட நாளிலிருந்து அங்கே வேலை நடக்கவில்லை, பீப்பாய் அப்படியே கிடக்கிறதாம். நேரே சுகாதார இலாகாவுக்குப் போய், நம் வண்டிக்குச் சிவப்புத் தாள் ஒட்டிய தகஹாஷி அம்மாளைப் பிடித்தோம். கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசியதில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஆனால் கோட்டைக் கழற்றவில்லை. காலிப் புட்டிகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு, "கட்டடம் எங்க இருக்கு? காட்டுங்க" என்றார்.

கிரிசெல்தா


கோத்திஹா
17 ஏப்ரல் 1994

கிரிசெல்தா,

உன் கடிதத்தை ஹசிந்தாதான் முதலில் பிரித்தாள். நான் உறையை அவளிடம் நீட்டிவிட்டேன். அவள் படித்துக்கொண்டே போனவள், "தண்ணி" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். மீதியைப் பிறகுதான் படித்தோம்.

நம்பலாமா என்று தெரியவில்லை. முடிவு வரும்வரை நம்பக் கூடாது என்று மனதைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் நேற்று ஒரு காரியம் நடந்தது. மாட்டைக் கட்டிவிட்டு வந்தவள் கையைக் கழுவிக்கொண்டு நடந்துவிட்டேன். பாதி முற்றம் தாண்டியபோதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் ஒரு தடவை கழுவினால் போதாமல், மறுபடி மறுபடி திரும்பிப் போய்த் தோல் வெடிக்கும்வரை கழுவிக்கொண்டிருந்தேன். நேற்று ஒரே தடவைதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தின் முதல் பாதி நீல மையில் இருக்கிறது. பின் பாதி கறுப்பு. நீ மன்னிப்புக் கேட்டதெல்லாம் நீல மையில் இருக்கிறது. மேஸ்திரியும் பீப்பாயும் கறுப்பு மையில் வருகிறார்கள். பீப்பாயைப் பற்றித் தெரியாமல், சல்சாவாகவும் இருக்கலாம் என்றிருந்த பொழுதிலேயே அதை எழுதியிருக்கிறாய். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். ஹசிந்தா, "என்ன, கள்ள நோட்டா?" என்று கேலி செய்தாள்.

மாறி இருந்திருந்தால், முதலில் பீப்பாயும் பிறகு மன்னிப்பும் வந்திருந்தால், நான் அதை வாங்கிக்கொண்டிருப்பேன். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை அப்படி வாங்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

திட்டச் சொன்னாய். சரி. என் படுக்கையை மடிக்கவில்லை என்று குறை சொல்கிறாயே, என் பாதிப் படுக்கையில் உன் துவைத்த துணிக் குவியல்தானே எப்போதும் கிடக்கும்? அதை எடுத்தாயா?

ரொசென்தோ என்ன சாப்பிடுகிறார்? ஆஸ்பத்திரியில் உப்பில்லாமல் கொடுப்பார்கள். மனுஷன் எப்படித் தாங்குகிறார்?

எவெலியா


லாஸ் ஏஞ்சலஸ்
29 ஏப்ரல் 1994

அண்ணி,

முடிவு வந்துவிட்டது. நம் சல்சா சுத்தம். பாலாடைக்கட்டி சுத்தம். கரண்டி கழுவிய தண்ணீர்கூடச் சுத்தம். நீலப் பீப்பாயில் சாக்கடை. நிலநடுக்கத்தில் வெடித்த குழாய் அந்தப் பள்ளத்தில் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ரப்பர் குழாயின் வாய் அதிலேயே கிடந்திருக்கிறது. தகஹாஷி அம்மாள் கொட்டகைக்குத் தானே வந்தார். எல்லா வண்டிக்காரர்களும் டயரைப் பார்க்காமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சிவப்புத் தாளைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். "நான் பீப்பாயை முதல் நாளே பாத்திருக்கணும். எல்லாரும் வண்டி வண்டின்னு சொன்னாங்க, நானும் வண்டியத்தான் பாத்தேன்" என்றார். கோந்து லேசில் வரவில்லை. பாவம், ஒரு நகம் உடைந்தது. நான் காப்பி வைத்துக் கொடுத்தேன், பட்டையும் வெல்லமும் போட்டு. வண்டிக்குள்ளேயே நின்று குடித்தார்.

மறுநாள் காலையே வண்டியை எடுத்தேன். உங்களைக் கேட்காமல்தான். எவ்வளவு நாள் பூட்டி வைப்பது? பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். கட்டடத்தில் இப்போது புது மேஸ்திரி, மூடி போட்ட புட்டித் தண்ணீர். ஆனால் நம் வண்டிப் பக்கம் யாரும் வரவில்லை. தூரத்தில் நின்று சிரிக்கிறார்கள், கையாட்டுகிறார்கள், கால் மட்டும் நகரவில்லை. சிவப்புத் தாள் போய்விட்டாலும் அதைப் பார்த்த கண் அப்படியே இருக்கிறதல்லவா? நான் சட்டி நிறைய வைத்துக்கொண்டு நின்றேன். ஆவி போய்க்கொண்டே இருந்தது. வண்டியைக் கிளப்பிவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு கார் வந்தது. தெல்ஃபினா ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்சீட்டிலிருந்து மகளோடு ரொசென்தோ அண்ணன் இறங்கினார். பாதி ஆளாகிவிட்டார், அண்ணி. சட்டை கொடியில் காய்வது போல இருந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். கட்டடத்தில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது.

"வெங்காயம் வேணாம். ரெண்டு முட்டை மேல" என்றார்.

"சல்சா?" என்றேன். 

"டாக்டர் காரம் கூடாதுன்னார்." தெல்ஃபினாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒரு கரண்டி."

 தெல்ஃபினா தானும் ஒரு தட்டு கேட்டாள். நம் வண்டியில் அவள் இதற்கு முன் சாப்பிட்டதே இல்லை. எல்லோரும் பார்க்க நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, முதல் வாயை அவள்தான் எடுத்து வைத்தாள். புருஷன் அடுத்த வாய்.

ஒரு நிமிஷம் மென்றார். மறுபடி மென்றார். தட்டைக் கீழே வைத்தார். 

"கிரிசெல்தா," என்றார், "அந்தச் சாக்கடைத் தண்ணிக்கே நான் சாகல. இதைத் தின்னா செத்துடுவேன் போலிருக்கே. எவெலியாம்மா எங்க?"

கட்டடமே சிரித்தது. சாரத்தில் நின்றவன்கூடச் சிரித்தான். அப்புறம் எல்லோரும் இறங்கி வந்தார்கள், அண்ணி. வரிசை தெருமுனை வரை போனது. சிலாகிலெஸ் கூழாகிவிட்டது, மேலே பாலாடைக்கட்டி கல் மாதிரி இருந்தது, அது எனக்கே தெரியும். திட்டிக்கொண்டே தின்றார்கள். ஒருத்தன், "இத முட்டுச் சுவத்துக்குப் பூசலாம், நிலநடுக்கத்துக்குத் தாங்கும்" என்றான். சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. தையல் கம்பெனிப் பெண்கள், எனக்குத் தமால் கட்ட வராது என்று தெரிந்து, மடலை அவர்களே கட்டித் தருகிறோம் என்கிறார்கள்.

தெல்ஃபினா தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். "அவங்க கேட்ட மன்னிப்பை நான் வாங்கிக்கல. வாங்க அதுல ஒண்ணுமில்ல. நான்தான் கேக்கணும். நேர்ல கேக்கணும். வரச் சொல்லு." அப்படியே எழுதிவிட்டேன். அவர்கள் மகளுக்கு ஜூனில் கல்யாணம். சமையல் நீங்கள்தானாம். என்னை அடுப்புப் பக்கமே விடக் கூடாதாம்.

துணிக் குவியலை எடுத்துவிட்டேன். உங்கள் படுக்கையை மடித்தும் வைத்தேன். பிறகு அது காலியாகத் தெரிந்தது, விரித்துவிட்டேன்.

கிரிசெல்தா


மெக்ஸிகாலி, பஸ் நிலையம்
12 மே 1994

கிரிசெல்தா,

எல்லைக்கு இந்தப் பக்கம் காலை வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. போன் பெட்டி எதிரே இருக்கிறது, உனக்குப் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது நின்றுவிடும்.

உன் கடிதம் வந்த அன்று ஹசிந்தா என் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குத் துணியை அடுக்கினாள். "அக்கா, நீ இருக்கறது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா மாடே உன் மூஞ்சியப் பாத்து அலுத்துப்போச்சு" என்றாள். பஸ் வரை வந்து கையாட்டினாள். பஸ் நகர்ந்த பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம். அவள் அழுததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். ரொசென்தோ சாப்பிட்டார், வரிசை நின்றது, எல்லாம் சரி. நான் அடுப்பு முன்னால் நின்று ஒரு தட்டை நீட்டும்போது கை நடுங்கினால் என்ன செய்வது? அதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பாலைவனம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மெக்ஸிகாலியில் இறங்கியபோது, எதிர்ப் பஸ்ஸில் ஏறி ஹசிந்தாவிடமே போய்விடலாமா என்றுகூட இருந்தது.

நிலையத்துக்கு வெளியே ஒரு சாப்பாட்டு வண்டி நிற்கிறது. நம்முடையதைவிடச் சின்னது, பெயின்ட் உதிர்ந்தது. உள்ளே ஒரே ஒரு பெண், உன் வயது இருக்கும். காய்ந்த மாட்டிறைச்சியை நாராக உதிர்த்து, முட்டையும் தக்காளியும் போட்டு வதக்கிக்கொண்டிருந்தாள். லாரிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அந்த வாசனையில் என் கால் தானாக அங்கே போய்விட்டது. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து வெளியார் கையால் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வழியில் பஸ் நின்ற இடத்திலெல்லாம் ஹசிந்தா கட்டிக்கொடுத்ததைத்தான் தின்றேன். அது நேற்றே தீர்ந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றாள்.

நான் அவள் கையைப் பார்த்தேன். நகம் எப்படி இருக்கிறது, கழுவினாளா, இறைச்சி எங்கே வாங்கியது, தண்ணீர் எங்கே பிடித்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்த லாரிக்காரர்களுக்கும் தெரியாது. கோதுமை டோர்ட்டியாவைக் கல்லில் போட்டு, உப்பி வரும்போது விரல் நுனியால் திருப்பினாள். அதில் இறைச்சியை வைத்துச் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். எப்படி வாங்கினேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. பசித்தது, நல்ல வாசனை, ஒரு பெண் சிரித்த முகத்தோடு நீட்டினாள், வாங்கிவிட்டேன். வாயில் வைத்த பிறகுதான் நினைவே வந்தது.

நன்றாக இருந்தது, கிரிசெல்தா. உப்பு ஒரு துளி தூக்கல். அவளிடம் சொல்லவில்லை. இன்னொன்று கேட்டேன். இரண்டாவதைச் சாப்பிடும்போது பக்கத்திலிருந்த லாரிக்காரர் தன் தட்டிலிருந்த வறுத்த மிளகாயை எனக்கு நகர்த்தினார். "இது இல்லாம அது இறங்காதும்மா" என்றார். அதையும் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் பாதி அப்படித்தான் சொல்வேன்.

எதிர்ப் பஸ் போய்விட்டது. நான் பார்க்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதை இங்கேயே தபாலில் போடுகிறேன். இந்த நாட்டுத் தபால் உனக்குத் தெரியும். இது உன் கைக்கு வருவதற்கு வெகு நாள் முன்பே நான் அங்கே வந்திருப்பேன். அநேகமாக நீ ஜன்னலில் நின்று காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் பச்சைத் தக்காளிக்குத் தோல் உரித்துக்கொண்டிருப்பேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்று பிரித்துப் படிப்பாய், உனக்குப் பொறுமை கிடையாது. படி. ஆனால் படித்து முடித்ததும் திரும்பி என்னைப் பார்க்காதே. எனக்கு வெட்கமாக இருக்கும். அடுத்த ஆள் என்ன கேட்கிறார் என்று மட்டும் சொல்.

உன் அண்ணி
எவெலியா